குறட்டைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? தூங்கா நகரம் கேட்க வேண்டிய கேள்வி

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சாயந்திரம். மயக்க மருந்து டாக்டர் வந்து அப்பாவின் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். சுகர், பிரஷர், இசிஜி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தூங்கும்போது குறட்டை விடுவீங்களா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "விடுவாராவா? அந்தச் சத்தத்துல நான் ஒழுங்கா தூங்கியே இருபது வருசம் ஆச்சு டாக்டர்."

நாங்கள் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. "நடுவுல குறட்டை திடீர்னு நின்னு, அப்புறம் திணறிக்கிட்டு மூச்சு விடுவாராம்மா?"

அம்மாவின் முகம் மாறியது. "ஆமா டாக்டர். அப்பல்லாம் நான் தட்டி எழுப்பி விட்ருவேன்."

அப்பாவுக்கு 57 வயது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறார். ஊர் தூங்கும்போது வேலைக்குக் கிளம்புகிற ஆள். ஒருநாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர், வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். 'நின்ன இடத்துல இருந்து விழுந்ததுக்கு இப்படி உடையணுமா?' என்று சந்தேகப்பட்ட எலும்பு டாக்டர் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்தது. ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து, தூக்கப் பரிசோதனையும் எடுத்தோம். ஸ்லீப் ஆப்னியா, அதுவும் கடுமையான வகை.

ஆக, வீட்டில் இப்போது இரண்டு ஃபைல்கள். ஒன்று எலும்புக்கு, ஒன்று தூக்கத்துக்கு. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை. "ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா டாக்டர்?" என்று கேட்டபோது கிடைத்த பதில், "இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்'க்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'குறட்டை விடுவீங்களா?' என்ற கேள்வியை 57 வயது மனிதரிடம் முதல்முறையாகக் கேட்டது ஒரு மயக்க மருந்து டாக்டர் என்பது சரியில்லை. அது அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, வேறு யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

முதலில், ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன?

நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, மூச்சுக்குழல் வழி குறுகிவிடுகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது வரும் அதிர்வுதான் குறட்டை. வழி முழுசா அடைபட்டால் சத்தமே வராது. அந்த அமைதிதான் ஆபத்தான இடம்.

மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றால் அதை ஒரு 'ஆப்னியா' என்று கணக்கெடுக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. ஒரு திணறல், ஒரு பெருமூச்சு, மறுபடியும் தூக்கம். காலையில் எழுந்தால் இதில் எதுவும் ஞாபகம் இருக்காது. 'எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனாலும் அசதியா இருக்கு' என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மூச்சு முழுசா நிற்பதையும் பாதியாகக் குறைவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமையானது. அப்பாவுக்கு வந்த எண் 36. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைக்கும் மேலே, ராத்திரி முழுக்க.

இது ஏதோ அபூர்வமான நோய் என்று நினைக்க வேண்டாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. உழைக்கும் வயதில் மட்டும் சுமார் 10.4 கோடிப் பேர். அதில் 4.7 கோடிப் பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான அளவு. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணத்தில் இந்தப் பெயர்தான் இருந்தது. ஒரு வாரம் எல்லோரும் பேசினோம். அப்புறம் மறந்துவிட்டோம்.

குறட்டை விடுகிற எல்லாருக்கும் ஆப்னியா இருக்காது. அதேபோல ஆப்னியா இருக்கிற எல்லாரும் குண்டாக இருக்க மாட்டார்கள். ஆசியர்களில் பலருக்குத் தாடை அமைப்பே சிறியது என்பதால், ஒல்லியான ஆட்களுக்கும் வருகிறது. 'நான் ஸ்லிம்மாத்தானே இருக்கேன்' என்பது பாதுகாப்பு கிடையாது.

சரி, இதில் எலும்பு எங்கே வந்தது?

எலும்பை நாம் கல் மாதிரி நினைக்கிறோம். ஒருமுறை வளர்ந்து முடிந்தால் அப்படியே நிற்கும் என்று. உண்மையில் அது எப்போதும் ரோடு வேலை நடக்கிற தெரு மாதிரி. பழைய எலும்பை அரித்து எடுக்க ஒரு செல் கூட்டம், புது எலும்பைப் போட இன்னொரு செல் கூட்டம். தோண்டுகிற டீமும் போடுகிற டீமும் ஒரே வேகத்தில் வேலை செய்தால் ரோடு நன்றாக இருக்கும். தோண்டுகிறவர்கள் முன்னால் போய், போடுகிறவர்கள் பின்தங்கினால் என்ன ஆகும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏறக்குறைய 30 வயது வரை போடுகிற டீமின் கை ஓங்கியிருக்கும். அப்போது சேர்த்து வைப்பதுதான் நம் எலும்பின் உச்சபட்ச இருப்பு. அதற்கப்புறம் மெல்ல மெல்லச் செலவு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அந்தச் செலவு வேகமெடுக்கிறது. இருப்பு ரொம்பக் குறைந்து, எலும்பு உள்ளே சல்லடை மாதிரி ஆவதுதான் ஆஸ்டியோபோரோசிஸ், தமிழில் எலும்புப்புரை. 'மூட்டுத் தேய்மானம்' வேறு, இது வேறு. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்புப்புரை பெரும்பாலும் உடைகிற வரைக்கும் வலிக்காது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இந்த ரோடு வேலையை எப்படிக் கெடுக்கலாம்? ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் வழிகள் இவை:

ஆக்சிஜன் ஏற்ற இறக்கம்: ஆக்சிஜன் குறைகிற சூழலில் எலும்பை அரிக்கும் செல்கள் சுறுசுறுப்பாகின்றன, கட்டும் செல்கள் சோர்ந்துபோகின்றன. ஆய்வகச் சோதனைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

அழற்சியும் ஸ்ட்ரெஸ்ஸும்: ராத்திரி முழுக்க உடம்பு அவசரநிலையில் இருக்கிறது. அழற்சியைக் கூட்டும் ரசாயனங்கள் ரத்தத்தில் அதிகமாகின்றன. அதில் சில, தோண்டுகிற டீமுக்கு 'ஓவர்டைம்' கொடுப்பவை. கார்டிசால் போன்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடினால் எலும்புக்கு ஆகாது என்பது பழைய பாடம்.

தூக்கத்தின் தாளம்: எலும்பு வேலைக்கும் ஒரு ராத்திரி, பகல் ஷிப்ட் உண்டு. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பப்படுகிற ஆளுக்கு ஆழ்ந்த தூக்கம் எங்கே இருக்கும்?

வைட்டமின் டி: ஆப்னியா இருப்பவர்களிடம் இது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இது காரணமா, அல்லது வெளியே போகாமல் உடல் எடை கூடிப்போனதன் விளைவா என்பது தனி விவாதம்.

இதுவரை சொன்னது எல்லாம் எலும்பு பலவீனமாவது பற்றி. ஆனால் ஒரு எலும்பு உடைய இரண்டு விஷயம் வேண்டும். எலும்பு பலவீனமாக இருக்க வேண்டும், ஆள் விழ வேண்டும். விழுவதைப் பற்றித்தான் பலரும் பேசுவதில்லை.

ஆப்னியா இருப்பவர்களுக்கு ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் வரும். மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் அழுத்த மாற்றம் இதயத்தை இழுக்கிறது. இதயம், 'தண்ணீர் அதிகமாயிருச்சு' என்று தப்பாகப் புரிந்துகொண்டு, அதை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. அப்பா ராத்திரிக்கு மூன்று முறை எழுந்து போவார். சுகர்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். தூக்கக் கலக்கம், இருட்டு, ஈரத் தரை. அவர் விழுந்தது இப்படிப்பட்ட ஒரு நடையில்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தைவானில் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆப்னியா இருப்பதாகக் கண்டறியப்பட்ட 1,377 பேரையும், இல்லாத 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆப்னியா இருந்தவர்களுக்கு எலும்புப்புரை வரும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு அதிகம் என்று வந்தது.

அமெரிக்காவில் செவிலியர்களை வருடக்கணக்கில் பின்தொடரும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அதில் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தகவல்களை வைத்து 2020-ல் ஒரு முடிவு வெளியானது. ஆப்னியா இருந்த பெண்களுக்கு முதுகெலும்பு முறிவு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால், இடுப்பெலும்பு முறிவில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் வேறு ஒரு வழியில் போனார்கள். பல் சிகிச்சைக்காக எடுக்கும் 3டி ஸ்கேனிலேயே தலை, கழுத்துப் பகுதி எலும்பு அடர்த்தியைப் பார்த்தார்கள். ஆப்னியா இருந்தவர்களிடம் அடர்த்தி குறைவு. ஆனால் மொத்தமே 38 பேர்தான். சின்ன ஆய்வு.

இப்போது மறுபக்கம். பிரான்ஸில் 60 வயதைத் தாண்டிய, ஓரளவு ஆரோக்கியமான 800-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. அதில் ஆப்னியா இருந்தவர்களின் எலும்பு அடர்த்தி குறையவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நன்றாகவே இருந்தது!

குழப்பமா இருக்கா? இருக்கத்தான் செய்யும். இதில் பெரிய வில்லன் உடல் எடை. ஆப்னியா உள்ளவர்களில் பலர் எடை கூடியவர்கள். கூடுதல் எடையைச் சுமக்கிற எலும்பு இயல்பாகவே கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். அப்போது ஆப்னியா செய்யும் சேதத்தை எடை மறைத்துவிடலாம். கூடவே சுகர், வயது, நடமாட்டம் குறைவு எல்லாம் கலந்து கிடக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாக இருந்தும் எலும்பு சுலபமாக உடைவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் சர்க்கரை நோய் 14 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது சாதாரணம்.

அதனால் 'குறட்டை விட்டால் எலும்பு உடையும்' என்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வேர்டு வந்தால் நம்ப வேண்டாம். 'மடங்கு' என்ற வார்த்தையைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது இரண்டு பேருக்கு வந்தாலும் 'இரண்டு மடங்கு'தான். தொடர்பு இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறிகள் உள்ளன. இதுதான் அதற்குக் காரணம் என்று கை நீட்டும் அளவுக்கு ஆதாரம் இன்னும் வரவில்லை. அப்பாவின் மணிக்கட்டு ஆப்னியாவால்தான் உடைந்தது என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால், ஆதாரம் முழுசா வரும்வரை கேள்வியே கேட்காமல் இருக்க வேண்டுமா என்ன?

தூங்காத ஊரின் கணக்கு

மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று பெயர். நாமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். ராத்திரி ஒரு மணிக்கும் சூடாகப் பரோட்டா கிடைக்கும், விடியுமுன்னே மல்லிகைப் பூ மூட்டை இறங்கும், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் டீ ஆற்றிக்கொண்டு இருப்பார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் பரோட்டா மாஸ்டர், லோடுமேன், டிரைவர், நர்ஸ், செக்யூரிட்டி என்று ஒரு பெரிய கூட்டம் தூக்கத்தை விற்றுச் சம்பாதிக்கிறது. இப்போது அந்த வரிசையில் நாமும் சேர்ந்துவிட்டோம். வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்குகளில் வேலை பார்ப்பவர்களும், திருமங்கலத்திலோ மேலூரிலோ வீட்டு மாடியில் உட்கார்ந்து அமெரிக்க நேரத்துக்கு லாகின் பண்ணுபவர்களும்.

இது ஆப்னியா இல்லாதவர்களுக்கும் பொருந்தும் விஷயம். அமெரிக்காவில் 10 ஆண்களை மூன்று வாரம் ஆய்வகத்தில் வைத்து, தூக்க நேரத்தைக் குறைத்து, ராத்திரி பகல் தாளத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவு: எலும்பு கட்டப்படுவதைக் காட்டும் ரத்த அளவீடு இறங்கியது. எலும்பு அரிக்கப்படும் அளவீடு மாறவில்லை. தோண்டுகிற டீம் அதே வேகத்தில் இருக்க, போடுகிற டீம் மட்டும் பின்தங்கியது. இதில் கவனிக்க வேண்டியது, இளைஞர்களுக்கு 27 சதவீதம் இறங்கியது, வயதானவர்களுக்கு 18 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால், 'எலும்பெல்லாம் பெருசுங்க பிரச்சினை' என்று நினைக்கும் 25 வயதுக்காரர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அடுத்தது வெயில். 'மதுரை வெயில்ல இருந்துக்கிட்டு வைட்டமின் டி குறைச்சலா?' என்று அம்மா நம்பவே இல்லை. திருப்பதியில் ஆரோக்கியமான மக்களிடம் எடுத்து 2007-ல் வெளியான ஆய்வில், வெயில் கொளுத்தும் தென்னிந்தியாவிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருந்தது. கிராமத்தினரைவிட நகரத்தினருக்கு அதிகம். வெயில் ஊரில் இருந்தால் போதாது, நம் மேல் பட வேண்டும். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் ஜன்னலை மூடித் தூங்குபவர் மேல் எப்படிப் படும்?

கால்சியமும் அப்படித்தான். வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன அளவு. நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் நம் தாத்தா பாட்டி சாப்பிட்ட கேப்பைக்களி இன்று 'மில்லட் பவுல்' என்ற பெயரில் ஆப்பில் விற்கிறது. பெயர் எதுவானாலும் சாப்பிட்டால் சரி.

அம்மாக்களை யார் கவனிப்பது?

இந்தக் கதையில் எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் மூச்சு நிற்பதைப் பார்க்க அம்மா இருந்தார். அம்மாவின் மூச்சு நின்றால் யார் பார்ப்பது?

பெண்களுக்கு ஆப்னியா குறைவு என்றுதான் கணக்கு சொல்கிறது. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடைவெளி குறைகிறது. பெண்களுக்கு அறிகுறிகளும் வேறு மாதிரி வரும். பெரிய சத்தம் இல்லாமல், அசதி, காலைத் தலைவலி, தூக்கம் வராமை, எரிச்சல் என்று. இதைச் சொன்னால் 'வீட்டு வேலை ஜாஸ்தி', 'மெனோபாஸ்தானே', 'டென்ஷன்' என்று முடித்துவிடுகிறோம். குறட்டை விடுகிற பெண்ணும் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார். ஆண் குறட்டை விட்டால் ஜோக், பெண் குறட்டை விட்டால் அவமானம் என்று நம் சினிமாவும் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

எலும்பு வேகமாகக் குறைவதும் அதே வயதில்தான். முதுகு வலி, கொஞ்சம் கூன், உயரம் குறைந்த மாதிரி ஒரு தோற்றம். 'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடுகிறோம். அது சத்தமில்லாமல் நடந்த முதுகெலும்பு முறிவாகவும் இருக்கலாம். அமெரிக்கச் செவிலியர் ஆய்வு முழுக்க முழுக்கப் பெண்களைப் பற்றியது என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன்.

மெஷின் போட்டால் எலும்பு சரியாகிவிடுமா?

ஆப்னியாவுக்கு முக்கியமான சிகிச்சை 'சிபாப்' என்ற கருவி. மூக்கில் மாஸ்க் போட்டு, மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை வழி அடையாமல் பிடித்து வைக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்து 1981-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். நாற்பது வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பது.

பகல் தூக்கம் குறைவதற்கும், ரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதற்கும் இது உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. எலும்பு விஷயத்தில், ஜப்பானில் 2008-ல் வந்த ஒரு ஆய்வில், கடுமையான ஆப்னியா உள்ளவர்கள் மூன்று மாதம் சிபாப் போட்ட பிறகு, எலும்பு அரிக்கப்படுவதைக் காட்டும் அளவீடு குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அதை வைத்து 'எலும்பு முறிவு குறையும்' என்று சொல்ல முடியாது. யாராவது 'எலும்புக்காக மெஷின் வாங்குங்க' என்று விற்க வந்தால், கதவைச் சாத்துங்கள். மூச்சுக்காக வாங்குங்கள், தேவைப்பட்டால்.

எடை குறைந்தால் பலருக்கு ஆப்னியா குறைகிறது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஊசி மருந்தோ, கடும் டயட்டோ, வேகமாக எடை குறையும்போது தசையும் எலும்பும் சேர்ந்தே குறையலாம். வெறும் வாக்கிங் மட்டும் போதாது. எடை தூக்குவது, படி ஏறுவது மாதிரி எலும்புக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும், புரதமும் வேண்டும்.

'எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்றியா?'

இதை எழுதப் போகிறேன் என்றதும் ஆபீஸில் ஒரு அண்ணன் கேட்ட கேள்வி இது. "ஏற்கெனவே தும்மினா ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. நீயும் சேர்ந்து பயமுறுத்துறியா?"

நியாயமான கேள்வி. இல்லை, எல்லாரும் தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டாம். குறட்டை விடுகிற எல்லாரும் எலும்பு ஸ்கேனும் எடுக்க வேண்டாம். நான் கேட்பது டெஸ்ட் அல்ல, கேள்வி. கேள்விக்குக் காசு கிடையாது.

கனடாவில் உருவான 'ஸ்டாப் பேங்' என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் 2008 முதல் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் பயன்படுத்த உருவாக்கியது. அப்பாவிடம் கேட்ட கேள்விகள் அதிலிருந்து வந்தவைதான்:

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டையா?
2. பகலில் அடிக்கடி அசதியா, தூக்கமா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்த அழுத்தம் இருக்கிறதா, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
5. பிஎம்ஐ 35-க்கு மேலேயா? (நம் உடல்வாகுக்கு இதற்குக் கீழேயே ஆப்னியா வரலாம்.)
6. வயது 50-ஐத் தாண்டியாச்சா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலேயா?
8. ஆணா?

மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரிடம் பேசலாம். ஐந்தைத் தாண்டினால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்மார்ட்வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில கம்பெனி வாட்ச்களில் ஆப்னியா எச்சரிக்கை வசதிக்கு 2024-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அது சந்தேகத்தைக் கிளப்பும் மணி மட்டும்தான். வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

யார், என்ன செய்யலாம்?

எலும்பு டாக்டர்கள்: நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைந்து வருபவரிடம், 'எப்படி விழுந்தீங்க?' என்பதோடு 'எப்படித் தூங்குறீங்க?' என்றும் கேட்கலாம்.

தூக்கச் சிகிச்சை தருபவர்கள்: ஆப்னியா என்று எழுதும்போதே, கடைசியாக எப்போது விழுந்தார், வைட்டமின் டி எவ்வளவு, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா என்று கேட்கலாம்.

கம்பெனிகள்: வருடா வருடம் ஹெல்த் செக்கப் என்று கொலஸ்ட்ரால் எடுக்கிறீர்கள். நைட் ஷிப்ட் கொடுக்கிற நீங்கள் அந்தப் படிவத்தில் இந்த எட்டுக் கேள்விகளையும் சேர்க்க ஒரு பக்கம்தான் ஆகும்.

அரசு: 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். வாடிப்பட்டியில் ஒரு பாட்டியின் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கும் அந்த அக்காவால், 'தூங்கும்போது மூச்சு முட்டுதா ஆத்தா? சமீபத்துல எங்கயும் விழுந்தீங்களா?' என்று கேட்க முடியும். அந்த இரண்டு கேள்விகளும் அவருடைய நோட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கேட்டபிறகு அனுப்புவதற்கு இடமும் வேண்டும். தூக்கப் பரிசோதனையும் சிபாப் கருவியும் இன்றும் சாமானியருக்குக் கைக்கெட்டாத விலை. ஒரு நல்ல சிபாப் மெஷின், நம்மில் பலர் கையில் வைத்திருக்கும் போனைவிட விலை அதிகம். பரிசோதனையும் கருவியும் அரசு மருத்துவமனைகள் வழியாகப் பரவலாகக் கிடைக்காதவரை, இந்தக் கட்டுரை வசதி உள்ளவர்களுக்கான அறிவுரையாகவே முடிந்துபோகும்.

நாம்: வீட்டில் பாத்ரூம் போகிற வழியில் ஒரு நைட் லேம்ப், வழுக்காத ஒரு மிதியடி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. எலும்பு அடர்த்தி ஏற மாதங்கள் ஆகும். லேம்ப் இன்றைக்கே மாட்டலாம்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

முதல் ஒரு வாரம் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்குடா" என்று ஒரே புலம்பல். இப்போது பழகிவிட்டது. ராத்திரி மூன்று முறை எழுந்தவர், பெரும்பாலும் ஒருமுறைதான் எழுகிறார். மார்க்கெட்டில் கணக்கு நோட்டின் மேலேயே தலை சாய்வது நின்றிருக்கிறது. மணிக்கட்டு கூடிவிட்டது, இன்னும் முழுசாகத் திருப்ப வரவில்லை. வைட்டமின் டி மாத்திரை, வாரத்தில் ஐந்து நாள் கேப்பை, மாடியில் இருபது நிமிட வெயில். எலும்பு என்ன சொல்கிறது என்று அடுத்த ஸ்கேனில்தான் தெரியும்.

மெஷின் போட்ட முதல் ராத்திரி அம்மாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. காலையில் காபி போட்டுக்கொண்டே சொன்னார். "சத்தமே இல்லடா. மூச்சு இருக்கா இல்லையான்னு ரெண்டு தடவை எழுந்து விரல் வச்சுப் பார்த்தேன்."

இருபது வருடம் தட்டித் தட்டி எழுப்பியே ஒரு மனிதரைக் காப்பாற்றி வந்தவர் அவர். அதை நாங்கள் ஜோக் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்றைக்கு ராத்திரி ரீல்ஸ் முடித்துவிட்டுப் படுக்கப் போகும்போது, ஹாலில் ஒரு நிமிடம் நின்று அப்பாவின் குறட்டையைக் கேளுங்கள். அம்மாவின் மூச்சையும் கேளுங்கள். நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், போனில் ஒரு நிமிடம் ரெக்கார்டு பண்ணி வையுங்கள். டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல ஆரம்பம் இல்லை.